வெந்நீரக்காவும் 254-ஆம் வாசலும்

"வெந்நீர்" என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் வீட்டுக்காரர். கல்யாணமான மூன்றாம் நாள், நின்றபடியே சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு ஓடியவளைப் பார்த்து, "காலில வெந்நீரைக் கொட்டிக்கிட்டவ மாதிரி எதுக்கு இப்படிப் பறக்கிறே?" என்று கேட்டார். கூட இருந்த அவள் தம்பி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அன்றிலிருந்து அவன் வாயில் அவள் வெந்நீரக்கா. இரண்டு பேரும் சேர்ந்து வேலைக்குப் போன இடமெல்லாம் அந்தப் பெயரும் கூடவே போயிற்று. நகரத்துச் சின்னச் சின்ன அலுவலகங்களில் நெட்வொர்க் படுத்துக்கொண்டால், "வெந்நீரக்காவுக்குப் போன் போடு" என்றுதான் சொல்வார்கள். அவளும் போனை எடுத்தால் "வெந்நீர் பேசறேன், என்ன ஆச்சு?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

வீட்டுக்காரர் தையல்காரர். காலை ஒன்பதுக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்தால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். இப்படி ஒரு பொருத்தத்தை எந்தப் புண்ணியவான் பார்த்து வைத்தானோ, இருபது வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுவது அவள், உட்கார்ந்திருப்பது அவர்.

அவளுக்கு இப்போது நாற்பத்து நான்கு. இருபத்தோராம் வயதில், டெலிபோன் கேபிள் இழுக்கிற ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் போன் எடுத்துப் பேசும் வேலைக்குச் சேர்ந்தாள். நாலாம் நாள் ஏணி ஏறுகிற ஆள் வரவில்லை. ஒப்பந்தக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். இவளே ஏறிவிட்டாள். அப்புறம் இறங்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டெலிபோன் கேபிள் போய் நெட்வொர்க் கேபிள் வந்தது, ஒப்பந்தக்காரர் கடையை மூடினார், இவள் சொந்தமாக ஒரு பழைய வேனை வாங்கித் தனியாகத் தொழில் ஆரம்பித்தாள். படித்துக் கற்றுக்கொண்டது கொஞ்சம், கையைச் சுட்டுக்கொண்டு கற்றுக்கொண்டது மீதி.

தம்பி ஏழு வயது இளையவன். முறையாகப் படித்துவிட்டு வந்து அவளோடு சேர்ந்தான். பதினொரு வருஷம் ஒரே வேனில் போனார்கள், வந்தார்கள். அவள் ஓர் அலுவலகத்தில் நுழைந்தால் முதலில் கை போகும், பிறகு கண் போகும், காது கடைசியில்தான். தம்பிக்கு முதலில் நோட்டுப் புத்தகம். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று எழுதி, துண்டுச் சீட்டு ஒட்டி, மறுபடி சரிபார்த்து, அதற்கப்புறம்தான் திருப்புளியைக் கையில் எடுப்பான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மிஸ்டர் நிதானம், நீங்க எழுதி முடிக்கிறதுக்குள்ள இந்தக் கட்டடமே இடிஞ்சு விழுந்துடும்" என்பாள். அவன் சிரித்துக்கொண்டே எழுதுவான்.

அந்தத் தம்பி மூன்று வாரமாக வேனில் இல்லை.

அன்று காலை பத்தரைக்கு ஸ்கேன் சென்டரிலிருந்து போன் வந்தது. இரண்டு மாடிக் கட்டடம். கீழே வரவேற்பு மேசையும் ஸ்கேன் அறையும். மேலே டாக்டர் உட்கார்ந்து படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் அறை. கீழே எடுக்கிற படம் நெட்வொர்க் வழியாகத் தானாக மேலே போய்ச் சேர வேண்டும். போகவில்லை. மூன்று வாரத்தில் இது நாலாவது தடவை.

அவள் உள்ளே நுழைந்தபோது நாற்காலி எல்லாம் நிறைந்து சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். கையைத் தூக்கிக் கட்டியிருந்த ஒருவர் வரவேற்புப் பெண்ணிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுக்கிற டெக்னீஷியன் பெண் ஒவ்வொரு படத்தையும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க நின்று, "அக்கா, இன்னிக்கு மட்டும் இருபத்தெட்டு தடவை ஏறி இறங்கிட்டேன். என் முழங்காலுக்கு நானே ஒரு ஸ்கேன் எடுத்துக்கணும்" என்றாள்.

மேனேஜர் கூப்பிட்டார். நேர்மையான மனிதர், அதுதான் அவரிடம் உள்ள தொந்தரவே. கேட்டதைக் கேட்டபடி சொல்வார், கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

"மேடம், ஒரு விஷயம். உங்க தம்பி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில வேலைக்கு மனு போட்டிருக்கார். ஆறு மணி நேரம் தள்ளி இருக்கிற ஊர். அவர் எந்தெந்த இடத்துல வேலை பார்த்தார்னு எழுதிக் குடுத்ததுல எங்க பேரும் இருக்கு. இன்னிக்கு நாலு மணிக்கு அவங்க எனக்குப் போன் பண்ணி விசாரிப்பாங்க."

மனு போட்டிருக்கிறான், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க சார்?"

"நீங்க என்ன சொன்னீங்களோ அதைத்தான். அவர் பாதியில விட்டுட்டுப் போனதால எங்க நெட்வொர்க் நின்னு போச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் எப்படி வேற மாதிரி சொல்றது?"

சொன்னது உண்மைதான். மூன்று வாரத்துக்கு முன்னால் முதல் தடவை நெட்வொர்க் நின்றபோது, அவசர அவசரமாக வந்து எல்லாவற்றையும் அணைத்துப் போட்டாள். சரியாகிவிட்டது. "என்ன காரணம்?" என்று மேனேஜர் கேட்டார். அவளுக்கு அடுத்த இடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "என் தம்பிதான் சார், ஏதோ பாதியில விட்டுட்டுப் போயிருக்கான்" என்று வாயில் வந்ததைச் சொன்னாள். திரும்பினால் தம்பி ஏணியோடு பின்னால் நிற்கிறான். ஒன்றும் பேசவில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்தான், வேன் சாவியை வரவேற்பு மேசையில் வைத்தான், போய்விட்டான். அன்று மாலையே கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. "நீ போய்ப் பேசேன், என்ன குறைஞ்சா போயிடுவே?" என்று வீட்டுக்காரர் தினமும் கேட்டார். "அவனே வரட்டும். தப்பு பண்ணவன் அவன்" என்று தினமும் சொன்னாள்.

இப்போது மேனேஜர் அறையை விட்டு வெளியே வரும்போது அவள் மனதில் ஓடியதைச் சொன்னால் நீங்கள் அவளைத் திட்டுவீர்கள். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன். சொல்லட்டும் என்று நினைத்தாள். மேனேஜர் உள்ளதைச் சொல்லட்டும், அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் வேண்டாம் என்று விடட்டும், வேறு போக்கிடம் இல்லாமல் தம்பி வேனுக்குத் திரும்பி வரட்டும். அவன் இல்லாத வேனில் மூன்று வாரமாக ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள் அவள். அவன் வேண்டும். எப்படி வந்தாலும் சரி.

ஆனால் அதற்கு இந்தத் தடவை சும்மா அணைத்துப் போட்டால் போதாது. தம்பி செய்த தப்பு என்னவென்று கையும் களவுமாகப் பிடித்து, மேனேஜர் மேசையில் வைக்க வேண்டும். நாலு மணிக்குள்.

"மெயின் சுவிட்சை அணைச்சுப் போட்டா சரியாயிடுமே?" என்றாள் வரவேற்புப் பெண்.

"தொட்டே, தெரியும் சேதி!" என்றாள் வெந்நீரக்கா.

அந்த இடத்து நெட்வொர்க்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொருள் அறையில் ஓர் இரும்பு அலமாரி, அதற்குள் ஒரே ஒரு சுவிட்ச் பெட்டி, எல்லாக் கம்பியும் அதில்தான் வந்து சேர்கிறது. ஆனால் அந்த ஒரே பெட்டிக்குள் நாலு தனித்தனி நெட்வொர்க். வரவேற்புக்கு ஒன்று, ஸ்கேன் மெஷின்களுக்கு ஒன்று, டாக்டர் அறைக்கு ஒன்று, காத்திருப்பவர்களின் வைஃபைக்கு ஒன்று. ஒரு வீட்டில் நாலு குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடித்தனத்துக்குள் யாரோடு யார் வேண்டுமானாலும் பேசலாம். பக்கத்துக் குடித்தனத்தோடு பேச வேண்டுமென்றால் வாசலுக்கு வந்து, வாசல் வழியாகத்தான் போக வேண்டும். அந்த வாசலுக்கும் ஒரு எண் உண்டு. ஒவ்வொரு மெஷினுக்கும் "வெளியே போகணும்னா இந்த எண்ணுக்கு வா" என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள்.

அக்காவும் தம்பியும் பதினொரு வருஷமாகச் சண்டை போட்டது இந்த எண்ணுக்காகத்தான். அவள் வாசலுக்கு எப்போதும் 1 கொடுப்பாள். "வாசல்னா முன்னாடி இருக்கணும்டா." தம்பி எப்போதும் 254, வரிசையில் கடைசி எண். "வாசல் கடைசியில இருந்தாத்தான் நடுவுல ஆள் சேர்க்கும்போது இடிக்காதுக்கா." இரண்டுமே சரிதான், அதில் ஒன்றும் பெரிய சாஸ்திரம் இல்லை. ஆனால் வீட்டுச் சண்டைக்குச் சாஸ்திரமா வேண்டும்?

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். டாக்டர் அறையிலிருந்து ஸ்கேன் மெஷினுக்குப் பிங் அனுப்பினாள். பிங் என்பது வேறொன்றுமில்லை, ஒரு மெஷின் இன்னொன்றைப் பார்த்து "இருக்கியா?" என்று கேட்பது. பதில் இல்லை. வரவேற்பு மேசைக்கு அனுப்பினாள். உடனே பதில் வந்தது. கீழே ஓடி வந்து சுவிட்ச் பெட்டியிலிருந்தே ஸ்கேன் மெஷினைக் கேட்டாள். "இருக்கேன்" என்றது. அப்படியென்றால் மெஷின் உயிரோடு இருக்கிறது, கம்பி நன்றாக இருக்கிறது, வாசலும் திறந்திருக்கிறது. பிறகு என்ன கேடு?

யார் யாரோடு பேசலாம் என்ற தடைப் பட்டியலைத் திறந்தாள். தம்பி எழுதியது. இதில்தான் ஏதாவது கோளாறு செய்து வைத்திருப்பான் என்று வரி வரியாகப் பார்த்தாள். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. நம்பிக்கை வராமல் பட்டியலையே எடுத்துவிட்டுப் பார்த்தாள். அப்போதும் பதில் இல்லை. மறுபடி போட்டாள். கம்பியை மாற்றினாள். சுவிட்ச் பெட்டியில் வேறு ஓட்டையில் செருகிப் பார்த்தாள். மணி ஒன்று ஆயிற்று. சாப்பிடக் கூப்பிட்டவர்களிடம் எரிந்து விழுந்தாள். படியில் டெக்னீஷியன் பெண் எதிரே வர, இரண்டு பேரும் முட்டிக்கொள்ளப் பார்த்தார்கள். "அக்கா, ஒருத்தர் ஏறும்போது ஒருத்தர் இறங்கலாம்னு சட்டம் போட்டுக்கலாமா?" என்றாள் அவள். வெந்நீரக்காவுக்குச் சிரிக்க நேரமில்லை. மாடிப்படியில் நின்றபடியே நகத்தைக் கடித்தாள். தம்பியாக இருந்தால் இந்நேரம் என்ன செய்திருப்பான் என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது.

அவன் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். அதுதான் செய்திருப்பான்.

வேறு வழியில்லாமல் அவளும் அதையே செய்தாள். ஸ்கேன் அறையில் லேப்டாப்பைச் செருகி, அந்தக் கம்பியில் என்னென்ன ஓடுகிறது என்று திரையில் ஓடவிட்டுப் பார்த்தாள். உட்கார முடியவில்லை, ஒரு காலை ஆட்டிக்கொண்டே நின்றாள். மேலேயிருந்து "இருக்கியா?" வந்தது. அது நன்றாகவே வந்து சேர்கிறது. ஸ்கேன் மெஷின் பதில் சொல்லவும் தயாராகத்தான் இருக்கிறது. ஆனால் பதிலை வெளியே கொண்டுபோக வாசலைத் தேடுகிறது. நொடிக்கு ஒரு தரம் அந்த மெஷின் அறை முழுவதும் கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தது. 254 யாரு? 254 யாரு? 254 யாரு?

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "மாட்டினான்!" என்று சத்தமாகவே சொன்னாள். ரெண்டு மாதத்துக்கு முன்னால் அதுவரை வாசலாக இருந்த பழைய ரவுட்டரை எடுத்துவிட்டு இந்தப் புது சுவிட்ச் பெட்டியை வைத்தபோது எல்லா வாசலுக்கும் 1 என்று அவளே கொடுத்தாள். வரவேற்பில் மாற்றியாயிற்று, டாக்டர் அறையில் மாற்றியாயிற்று. ஸ்கேன் அறையில் மட்டும் தம்பி தன்னுடைய 254-ஐ அப்படியே விட்டுவிட்டான். மறந்திருக்கிறான். பெரிய நோட்டுப் புத்தகக்காரன்! மணி இரண்டேகால். மேனேஜர் அறைப் பக்கம் நாலு எட்டு வைத்தாள்.

ஐந்தாவது எட்டில் நின்றாள். 254 என்ற வாசலே புதுப் பெட்டியில் கிடையாது. அப்படியென்றால் இந்த ரெண்டு மாதமாக ஸ்கேன் படங்கள் எந்த வாசல் வழியாக மேலே போயின? மூன்று வாரத்துக்கு முன்பு வரை ஒரு நாளும் நிற்கவில்லையே. அணைத்துப் போட்டால் சரியாகிறதே. யாரோ ஒருவன் 254 என்று சொல்லிக்கொண்டு இந்தக் கட்டடத்தில் பதில் கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

பொருள் அறைக்குத் திரும்பி ஓடினாள். சுவிட்ச் பெட்டியில் ஒவ்வொரு கம்பியிலும் தம்பி ஒட்டிய சீட்டு. வரவேற்பு, டாக்டர், ஸ்கேன், வைஃபை. பத்தொன்பதாவது கம்பியில் "மேலே" என்று மட்டும் இருந்தது. அவள் இழுத்த கம்பி இல்லை அது. கையால் பிடித்துக்கொண்டே போனாள். சுவரில் ஏறி, நடைபாதையின் பொய்க்கூரைக்குள் நுழைந்தது. ஏணியைப் போட்டு ஏறி, கூரைப் பலகை ஒன்றைத் தூக்கித் தலையை உள்ளே விட்டாள். அனல் அடித்தது. டார்ச் வெளிச்சத்தில், தூசிக்கு நடுவில், பழைய ரவுட்டர் இருந்தது. எடுத்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்த அதே பெட்டி. கை வைத்தால் சுட்டது. சூடேறி, விளக்கெல்லாம் அசையாமல், மயங்கிப்போய்க் கிடந்தது.

அதன் மேல் ஒரு முழுத் தாள் ஒட்டியிருந்தது. தம்பியின் குண்டு குண்டான கையெழுத்து.

"இதை அணைக்க வேண்டாம். ஸ்கேன் ரூம் மெஷின் மூன்றும் இன்னும் இந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது. மெஷின் கம்பெனி ஆள் வந்துதான் உள்ளே எண்ணை மாற்ற முடியும். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அக்காவிடம் சொல்லியாயிற்று."

அதற்குக் கீழே வேறு பேனாவில்: "ஞாயிறு வேறு இடத்துக்கு அக்கா அனுப்பிவிட்டாள். அடுத்த ஞாயிறு. அக்காவிடம் சொல்லியாயிற்று."

அதற்கும் கீழே: "இந்த ஞாயிறும் முடியவில்லை. இங்கே சூடு அதிகம், பெட்டி ரொம்ப நாள் தாங்காது. அக்காவிடம் மறுபடி சொல்லியாயிற்று."

ஏணி மேல் நின்றபடி மூன்று தடவை படித்தாள். சொல்லியிருக்கிறான். வேனில் வைத்துத்தான் சொன்னான். "அக்கா, அந்த ஒரு ரூமுக்கு மட்டும் புதுப் பெட்டியில 254 வெச்சுடலாமா? மெஷினைத் தொடவே வேண்டாம், அஞ்சு நிமிஷ வேலை" என்றான். "எல்லா ரூமுக்கும் 1-னா 1-தான். உன் 254-ஐ நீயே வெச்சுக்கோ" என்று இவள் சொன்னாள். "சரி, அப்ப ஞாயிற்றுக்கிழமை ஆள் வரச் சொல்லணும்" என்றான். "சரி சரி" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை வேறு இடத்தில் கேபிள் இழுக்க ஆள் குறைந்தது. "ஸ்கேன் சென்டர் எங்க ஓடியா போயிடும்? வா வா" என்று இவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். அவன் பேசும்போதெல்லாம் இவள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள், இல்லாவிட்டால் போனில் அடுத்த ஆளோடு பேசிக்கொண்டிருந்தாள். காது கடைசியில்தான் என்றேனே, பல நாள் அது போய்ச் சேரவே இல்லை.

மேனேஜர் முன்னால் அவன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் இப்போது விளங்கிற்று. வாடிக்கையாளர் முன்னால் அக்காவின் மானம் போகும். அதற்காக அவன் தன்னுடையதை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. ஏணியில் நின்றே அழுதாள். தூசி கண்ணில் விழுந்தது என்று யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை, கீழே யாரும் இல்லை.

இறங்கி வந்து அஞ்சு நிமிஷ வேலையைச் செய்தாள். பழைய பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கினாள். புதுப் பெட்டியில், ஸ்கேன் அறை வாசலுக்கு இருந்த 1-ஐ அழித்து 254 என்று அடித்தாள். மறக்காமல் அதைப் பதிவும் செய்தாள். கத்திக்கொண்டிருந்த மெஷினுக்கு அந்த நொடியே பதில் கிடைத்தது. மாடியில் டாக்டரின் திரையில் காலையிலிருந்து தேங்கிக் கிடந்த படங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்தன. டெக்னீஷியன் பெண் படிக்கட்டில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, நீங்க நல்லா இருப்பீங்க!" என்று அங்கிருந்தே கத்தினாள்.

மணி மூன்று பத்து. மேனேஜர் வெளியே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கண்டுபிடிச்சிட்டீங்களா? அப்போ உங்க தம்பி விட்டுட்டுப் போனதுதானே?"

இத்தனை சுலபமாக யாரும் ஒரு பொய்யைக் கையில் எடுத்துக் கொடுத்திருக்க மாட்டார்கள். தலையை ஆட்டினால் போதும். நாலு மணிக்கு மேனேஜர் பேசிவிடுவார், அந்த வேலை போய்விடும், தம்பி வந்துவிடுவான். வந்த பிறகு அவனை எப்படித் தாங்குகிறேன் பார், இனிமேல் அவன் சொல்லுக்கு மறு சொல் உண்டா என்று அவள் மனசு பேரம் பேசியது. தலையை ஆட்டவில்லை. ஆனால் இல்லை என்றும் சொல்லவில்லை. "எனக்கு அடுத்த இடத்துக்கு நேரமாச்சு சார்" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஓடுவதற்கு அவளுக்கா சொல்லிக் கொடுக்க வேண்டும்?

வேனைக் கிளப்பி முதல் தெருவைத் தாண்டினாள், இரண்டாவது தெருவைத் தாண்டினாள். சிக்னலில் நின்றாள். சிவப்பு விளக்கு. பின்னால் உள்ளவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் பச்சை விழுந்திருந்தது தெரிந்தது. நேராகப் போனாள். பெட்ரோல் பங்கில் நின்றாள், ஒன்றும் போடாமல் கிளம்பினாள். மருந்துக் கடை வாசலில் நிறுத்தினாள், இறங்கவில்லை. தம்பிக்குப் போன் செய்ய எடுத்தாள். என்ன சொல்வது? மன்னிச்சுக்கோடா என்றால் மன்னித்துவிடுவான், அவன் அப்படிப்பட்டவன். மன்னித்துவிட்டு, வேலை கிடைக்காமல், வேனில் வந்து பக்கத்தில் உட்காருவான். அது அவள் ஆசைப்பட்டதுதான். ஆனால் எதனால் கிடைக்கவில்லை என்று ஒரு நாளும் அவனுக்குத் தெரியாது, அவளுக்கு மட்டும் தினமும் தெரியும். அப்படி ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எத்தனை தூரம் ஓட்ட முடியும்?

போனைக் கீழே போட்டாள். மணி மூன்று ஐம்பத்தொன்று. வேனைத் திருப்பக் கூடாத இடத்தில் திருப்பினாள். எதிரே வந்தவர் ஜன்னலை இறக்கி நன்றாக நாலு வார்த்தை கேட்டார். வாங்கிக்கொண்டாள்.

ஸ்கேன் சென்டர் வாசலில் வேனை எப்படி விட்டாளோ அப்படியே விட்டு, வரவேற்பைத் தாண்டி, கதவைத் தட்டாமல் மேனேஜர் அறைக்குள் போனாள். மேனேஜர் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க, இங்க ரெண்டு மூணு வருஷமா வந்திருக்கார். அமைதியான ஆள். ஆனா ஒரு விஷயம் நான் சொல்லித்தான் ஆகணும், போன மாசம் ஒரு வேலையைப் பாதியில..."

"சார், போனை என்கிட்ட குடுங்க."

"மேடம், நான் பேசிட்டிருக்கேன்."

"அது பொய் சார். நான் சொன்ன பொய். குடுங்க."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. பொய் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் கை தானாகவே நீண்டது. அவள் போனை வாங்கிக் காதில் வைத்தாள். மூச்சு வாங்கியது.

"ஹலோ, நான் இங்க நெட்வொர்க் வேலை பார்க்கிறவங்க. அவர் எதையும் பாதியில விடல. இங்க இருந்த கோளாறு என்ன, எப்ப வரும், எப்படிச் சரி பண்ணணும், எல்லாத்தையும் ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே சொல்லி, எழுதியும் ஒட்டி வெச்சிருக்கார். இன்னிக்கு அதைப் படிச்சுத்தான் நானே சரி பண்ணினேன். அஞ்சு நிமிஷம்கூட ஆகல. உங்க ஆஸ்பத்திரியில எத்தனை கம்பி இருக்கோ தெரியாது, அவர் கையில விட்டீங்கன்னா ஒவ்வொண்ணும் எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். அவசரமே இல்லாத குரல். எழுதிக்கொள்வது தெரிந்தது. பிறகு கேட்டாள்:

"இவ்வளவு நல்லா வேலை செய்யறவர், இப்ப இருக்கிற இடத்தை விட்டுட்டு ஏன் வரணும்னு நினைக்கிறார்? அது உங்களுக்குத் தெரியுமா?"

மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். திறந்திருந்த கதவு வழியாக வரவேற்புப் பெண்ணும் டெக்னீஷியன் பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் அவன் மேல் பழி போட்டபோது கேட்டுக்கொண்டிருந்த அதே ஆட்கள்.

"தெரியும்ங்க. அவன் மூணு தடவை சொன்னான், நான் காதுல வாங்கல. கடைசியில இங்க இத்தனை பேர் முன்னாடி தப்பை அவன் மேலயே போட்டேன். அதனாலதான் வர்றான்."

"நீங்க..."

"நான் அவன் அக்கா."

அந்தப் பக்கம் தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "அப்போ அவர் உங்ககிட்டதான் வேலை பார்த்துட்டிருக்கார். எங்களுக்கு ஆள் அவசரமா வேணும். நீங்க அவரை எப்போ அனுப்ப முடியும்?"

ஒரு மாதம் என்று சொல்லலாம். பதினொரு வருஷம் கூட இருந்தவனுக்கு ஒரு மாதம் கேட்பது நியாயம்தான், யாரும் குறை சொல்ல முடியாது.

"திங்கட்கிழமையே வரச் சொல்லுங்க" என்றாள் வெந்நீரக்கா.